நான்காவது கம்பி

கரண்டு போனால் என்ன செய்வது என்று தூத்துக்குடியை ஒட்டிய எங்கள் மாப்பிள்ளையூரணியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்க்க வேண்டும். அங்கும் இருட்டு என்றால் நிம்மதி, ஈ.பி. ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் வீடு மட்டும் இருட்டு என்றால் பீஸ் கட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு கணக்கிலும் சேராத ஒன்று எப்போதாவது நடக்கும். அன்றைக்குக் கரண்டு போகாது, கூடும். டியூப் லைட் கண்ணைக் கூசும். ஃபேன் வழக்கத்துக்கு மீறிச் சுழலும். டி.வி.யின் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம், தொடர்ந்து கருகல் வாடை. அதே நேரத்தில் அடுத்த வீட்டில் விளக்கு மங்கிப்போய், ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டு நிற்கும். ஒரே தெரு, ஒரே டிரான்ஸ்பார்மர். ஒரு வீட்டில் வழிகிறது, மறு வீட்டில் வற்றுகிறது.

'ஹை வோல்டேஜ் வந்துட்டு' என்பார்கள். எங்கிருந்து வந்தது? துறைமுகத்தை ஒட்டி, தலா 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகளாக நிறுவப்பட்ட தூத்துக்குடி அனல் மின் நிலையத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கிருந்து ஒரு வோல்ட்கூடக் கூடுதலாகப் புறப்படவில்லை. நம் தெருவில்தான் ஒன்று குறைந்திருக்கிறது. கம்பத்தில் ஓடும் நியூட்ரல் கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

மின்சாரத்தில் வரும் மற்றப் பழுதுகள் பெரும்பாலும் கரண்டை நிறுத்திவிடும். பீஸ் போகும், பிரேக்கர் விழும், வீடு இருண்டுவிடும். தெருவின் நியூட்ரல் விட்டால் கரண்டு நிற்பதில்லை. தப்பான அளவில் வந்துகொண்டே இருக்கிறது. இதன் ஆபத்து முழுவதும் இந்த ஒரு குணத்தில்தான் இருக்கிறது.

தாளமுத்து நகரிலோ சிலுவைப்பட்டியிலோ ஏதாவது ஒரு டிரான்ஸ்பார்மரைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். உயர் அழுத்தக் கம்பிகள் மூன்று உள்ளே போகின்றன. வெளியே வரும்போது நான்காகிவிடுகின்றன. மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். எந்த இரண்டு ஃபேஸ் கம்பிகளுக்கு நடுவிலும் ஏறத்தாழ 415 வோல்ட் இருக்கும். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 240 வோல்ட். இந்த 240தான் நம் வீட்டு பிளக் பாயிண்டுக்கு வருவது. தெருவின் முதல் வீட்டுக்கு ஆர் ஃபேஸ், அடுத்ததற்கு ஒய், அதற்கடுத்ததற்கு பி என்று லைன்மேன் பிரித்துக் கொடுத்திருப்பார். மூன்று வீட்டுக்கும் ஃபேஸ் வேறு வேறு. நியூட்ரல் மட்டும் பொது.

மூன்று வீட்டு மின்னோட்டமும் ஒரே கம்பியில் திரும்பினால் அந்தக் கம்பி மூன்று மடங்கு தடிமனாக அல்லவா இருக்க வேண்டும்? வேண்டியதில்லை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுச் சுற்றுகிறது. மூன்று ஃபேஸும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக, 6.67 மில்லி விநாடி இடைவெளியில் தொடுகின்றன. ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்ற இரண்டும் எதிர்த்திசையில் பாதியளவில் இருக்கும். மூன்று ஃபேஸிலும் 20 ஆம்பியர் ஓடினால் நியூட்ரலில் ஓடுவது பூஜ்யம். 10, 20, 30 என்று ஏற்றத்தாழ்வாக ஓடினாலும் நியூட்ரலில் 17.3 ஆம்பியர்தான் திரும்பும். ஒருவர் போட்டதை மற்றவர் எடுத்துக்கொள்ளும் கணக்கு இது. மிச்சப்படும் வித்தியாசம் மட்டுமே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பிப் போகிறது.

செம்பை மிச்சம் பிடிக்கும் ஆசையில் பிறந்த ஏற்பாடு இது. 1880களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எடிசனும் இங்கிலாந்தில் ஜான் ஹாப்கின்சனும் தனித்தனியே இதே வழியைக் கண்டார்கள். நான்கு கம்பி தேவைப்பட்ட இரட்டை நேர்மின் வழங்கலை, நடுக்கம்பி ஒன்றைப் பொதுவாக்கி மூன்று கம்பியில் முடித்தார்கள். 1883 ஜூலையில் பென்சில்வேனியாவின் சன்பரி என்ற சிற்றூரில் எடிசனின் மூன்று கம்பி முறை வேலை செய்யத் தொடங்கியது. 1891இல் லாஃபனிலிருந்து பிராங்க்பர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் தொலைவுக்கு மூன்று ஃபேஸ் மின்சாரத்தைக் கொண்டுபோய்க் காட்டிய திட்டத்தில், ஏ.இ.ஜி. நிறுவனத்தின் மிகையில் டொலிவோ-டொப்ரோவோல்ஸ்கி முன்னின்றார். அதற்குப் பிறகு உலகமே மூன்று ஃபேஸுக்கு வந்துவிட்டது. ஆறு கம்பிக்குப் பதில் நான்கு என்பது சாதாரண மிச்சமில்லை. ஆனால் நடுக்கம்பி விட்டால் என்ன ஆகும் என்ற பலவீனமும் எடிசன் காலத்திலிருந்தே கூடவே வருகிறது.

இனி கணக்கைப் பார்ப்போம். ஆர் ஃபேஸ் வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். ஒரு ஃபேனும் இரண்டு விளக்குமாக 100 வாட். ஒய் ஃபேஸ் வீட்டில் மிக்ஸி, 500 வாட். பி ஃபேஸ் வீட்டில் இஸ்திரிப் பெட்டி, 1,000 வாட். எளிமைக்காக எல்லாவற்றையும் வெறும் தடைகளாகவே வைத்துக்கொள்வோம். நியூட்ரல் இருக்கும் வரை மூவருக்கும் 240 வோல்ட். அடுத்தவர் எவ்வளவு எடுக்கிறார் என்பது யாரையும் பாதிப்பதில்லை.

இப்போது டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நியூட்ரல் விட்டுவிட்டது. மூன்று வீட்டு நியூட்ரலும் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கின்றன, ஆனால் அந்த முடிச்சு டிரான்ஸ்பார்மரோடு இல்லை. பாட்டி வீட்டில் 344 வோல்ட். மிக்ஸி வீட்டில் 274. இஸ்திரிப் பெட்டி வீட்டில் 145.

ஏன் இப்படி? ஓர் இரும்பு வளையத்தில் மூன்று கயிறுகளைக் கட்டி, மூன்று திசையிலிருந்து மூன்று பேர் இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வளையத்தின் நடுவில் தரையில் ஒரு முளை அடித்திருக்கிறது. முளை இருக்கும் வரை யார் எவ்வளவு பலமாக இழுத்தாலும் வளையம் நகராது. முளையைப் பிடுங்கிவிட்டால் வளையம் பலசாலி பக்கம் போய்விடும். நோஞ்சான் கையிலிருந்து வெகுதூரம் விலகிவிடும். அந்த முளைதான் நியூட்ரல். இழுக்கும் பலம் என்பது வீட்டில் ஓடும் லோடு. ஆளுக்கும் வளையத்துக்கும் உள்ள தூரம்தான் வோல்டேஜ். 1,000 வாட் வீடு வளையத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அதற்கு வோல்டேஜ் குறைகிறது. 100 வாட் வீட்டுக்குத் தூரம் கூடுகிறது, வோல்டேஜும் கூடுகிறது.

அதோடு முடிவதுமில்லை. பாட்டி வீட்டு ஃபேனும் விளக்குகளும் எரிந்துபோயின என்று வையுங்கள். இழுப்பவர் ஒருவர் குறைந்துவிட்டார். மிச்சமிருக்கும் இரண்டு வீடுகளும் 415 வோல்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன: மிக்ஸிக்கு 277, இஸ்திரிப் பெட்டிக்கு 138. முன்பு 274ஐத் தாங்கிய வீட்டுக்கு இப்போது இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டது. ஒரு தெருவில் முப்பது நாற்பது வீடுகள் இருக்கும்போது, ஒவ்வொரு சாதனம் எரிந்து விலகும்போதும் அந்த ஃபேஸின் லோடு குறைந்து, அதே ஃபேஸில் உள்ள மற்ற வீடுகளுக்கு வோல்டேஜ் மேலும் ஏறும். சில நிமிடங்களில் வரிசையாக டி.வி., மோடம், சார்ஜர், எல்.இ.டி. பல்பு என்று போய்க்கொண்டே இருக்கும். இரண்டே வீடுகள் மட்டும் இருந்து, ஒன்றில் 100 வாட், மற்றதில் 1,000 வாட் என்றால் சின்ன வீட்டுக்கு 377 வோல்ட், பெரிய வீட்டுக்கு 38.

குறைவாகச் செலவழிக்கிறவர் மேல்தான் அடி அதிகம் விழுகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற வீட்டில் இருப்பது ஒரு ஃபேன், ஒரு டி.வி.; அந்த இரண்டும் போய்விடுகின்றன. ஏ.சி. ஓடும் ஃபேஸில் இருப்பவர் 'லோ வோல்டேஜ்' என்று சலித்துக்கொண்டு ஏ.சி.யை அணைக்கிறார். அணைத்ததும் வளையம் நகர்கிறது. இப்போது அவர் வீட்டு டி.வி.யின் முறை.

இதற்கிடையில் ஊருக்கு வெளியே உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு நியூட்ரலே வேண்டாம். மூன்று சுருளும் சமமாக இழுப்பதால் முளை இல்லாமலே வளையம் நடுவில் நிற்கும். 'எங்க மோட்டார் நல்லாத்தானே ஓடுது' என்று அங்கிருந்து வரும் சாட்சியத்தை நம்பி ஏமாறக் கூடாது.

எது எரிகிறது, எது தப்புகிறது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பழைய குண்டு பல்பின் இழை அறுந்துபோகும், அவ்வளவுதான். இன்றைய சாதனங்கள் வேறு மாதிரி. டி.வி., சார்ஜர், கணினி, எல்.இ.டி. விளக்கு எல்லாவற்றிலும் நுழைவாயிலிலேயே மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பகுதி உண்டு. 240 வோல்ட் வந்தால் அங்குள்ள கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 340 வோல்ட் சேரும். மாறுமின்சாரத்தின் உச்சம் அதன் பெயரளவைவிட 1.414 மடங்கு. அதற்காக 400 அல்லது 450 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டரை வைத்திருப்பார்கள். 344 வோல்ட் உள்ளே வந்தால் அங்கே சேர்வது 486. கெப்பாசிட்டரின் தலை வெடிக்கும். அந்த 'டப்' சத்தம் அதுதான்.

இடியிலிருந்து காக்கும் என்று வாங்கி வைத்த ஸ்பைக் கார்டும் கைகொடுக்காது. அதற்குள் இருக்கும் வில்லை, கண்ணிமைக்கும் நேரம் மட்டும் வரும் அதிர்வை விழுங்குவதற்கானது. நிமிடக்கணக்கில் 340 வோல்ட் நின்றால் அது சூடேறி எரியும். பக்கத்தில் திரைச்சீலை இருந்தால் அதுவும் சேர்ந்து எரியும். எம்.சி.பி. விழாதா என்று கேட்பார்கள். விழாது. எம்.சி.பி. அளப்பது ஆம்பியரை, வோல்டேஜ் எவ்வளவு என்பதே அதற்குத் தெரியாது. 10 ஆம்பியர் எம்.சி.பி.க்குப் பின்னால் ஒரு ஆம்பியர்கூட எடுக்காத டி.வி. எரிந்துகொண்டிருந்தாலும் அது சும்மாதான் இருக்கும். கசிவைக் கண்டால் விழும் ஆர்.சி.சி.பி.யும், ஃபேஸில் போனது நியூட்ரலில் திரும்புகிறதா என்றுதான் பார்க்கிறது. வீட்டுக்குள் அந்த இரண்டும் இன்னும் சமமாகவே இருப்பதால் அதற்கும் சந்தேகம் வராது. மலிவான எலக்ட்ரானிக் வகையில் இன்னொரு சங்கடம் உண்டு. அது வேலை செய்யவே நியூட்ரல் வேண்டும். நியூட்ரல் வீட்டு வாசலில் விட்டுப்போனால் ஷாக் அடிக்கும் நேரத்திலும் அது விழாமல் இருக்கக்கூடும்.

இவ்வளவு முக்கியமான கம்பி ஏன் விடுகிறது? இந்தக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதற்கான பதில் மூக்கிலேயே ஏறும். மாப்பிள்ளையூரணியிலிருந்து தருவைகுளம் போகும் வழியில் கடற்காற்று அடிக்கிற நாளில் உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். அதே உப்புதான் கம்பத்து இணைப்பிலும் படிகிறது. தெருக்கம்பி அலுமினியம். அதில் எங்காவது செம்புக் கம்பியை முறுக்கிச் சுற்றிவிட்டால், உப்பு ஈரம் நடுவில் புகுந்து ஒரு சின்ன பேட்டரி உருவாகிவிடும். மின்வேதியியல் அட்டவணையில் செம்பும் அலுமினியமும் ஏறத்தாழ 2 வோல்ட் தள்ளி நிற்பவை. இந்த ஜோடியில் கரைவது எப்போதும் அலுமினியம். அதன் மேல் படரும் வெள்ளைப் பொடி மின்சாரத்தைக் கடத்தாது. பகலில் சூட்டில் விரிந்து இரவில் சுருங்கும்போது இரு உலோகமும் ஒரே அளவில் விரிவதில்லை. அலுமினியம் அதிகம் விரியும். அப்படியே பிடி தளரும். உலோகத்தைக் கடல் எப்படித் தின்கிறது என்று ஆராய காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியில் ஒரு மையமே வைத்திருக்கிறது என்றால் இந்தக் காற்றின் குணம் புரியும்.

தளர்ந்த இணைப்பில் நடப்பது எளிய கணக்கு. ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை சேர்ந்து, அதன் வழியே 40 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு முடிச்சில் 160 வாட் வெப்பம். சூட்டில் மேலும் தளரும், தளர்ந்தால் மேலும் சூடு. ஃபேஸ் கம்பியில் இப்படி நடந்தால் நுகர்வோர் உடனே புகார் செய்வார், அல்லது பீஸ் போகும். நியூட்ரலில் நடந்தால் வெகுநாள் யாருக்கும் தெரியாது.

அந்தக் கம்பியை நாமே பாதியாக்கியும் வைத்திருக்கிறோம். மூன்றரை கோர் கேபிள் என்று கடையில் கேட்டு வாங்குகிறார்களே, அந்த அரை நியூட்ரல்தான். மிச்சம் மட்டும்தானே திரும்புகிறது, அரை தடிமன் போதும் என்பது பழைய கணக்கு. குண்டு பல்பும் ஹீட்டரும் இருந்த காலத்துக்கு அது சரி. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் எல்.இ.டி., சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் மின்னோட்டத்தைச் சீராக உறிஞ்சாமல், உச்சத்தில் மட்டும் வெடுக்கென்று இழுப்பவை. அந்த வெடுக்குகளில் 150 சுற்று வேகத்தில் ஓடும் ஒரு பகுதி ஒளிந்திருக்கும். மூன்று ஃபேஸிலும் அந்தப் பகுதி ஒரே கணத்தில் உச்சம் தொடுவதால், ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாமல் நியூட்ரலில் கூடிவிடுகிறது. இத்தகைய லோடு மட்டுமே இருந்தால், மூன்று ஃபேஸும் சமமாக இருக்கும்போதுகூட நியூட்ரலில் ஃபேஸைவிட அதிக மின்னோட்டம் ஓட முடியும், கணக்குப்படி 1.73 மடங்கு வரை. அரைக் கம்பி இதற்குப் போதாது. புதிதாகக் கட்டும் அடுக்குமாடிகளில் இன்னும் மூன்றரை கோரைக் கேட்டு வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உள்ளூர்க் காரணங்களும் உண்டு. லாரி உரசுவது, பனை ஓலை விழுவது, செம்புக்காகத் திருடுவது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டித் தூத்துக்குடியே மிதந்தது. சேற்று நீரில் மூழ்கிய மின்பெட்டியில் கரண்டு திரும்பி வந்துவிட்டாலே எல்லாம் சரி என்று விட்டுவிடுகிறோம். உள்ளே நியூட்ரல் போல்ட்டில் படிந்த உப்பும் சேறும் தம் வேலையைப் பிறகு மெதுவாகச் செய்யும்.

எரிந்த டி.வி.யை வாங்கிவிடலாம். உயிர் போகும் இடம் வேறு. ஒரு ஃபேஸ் மட்டும் உள்ள வீட்டில், கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் விட்டுப்போனால் ஒன்றும் எரியாது. கரண்டு இல்லை என்று நினைத்து, போட்ட சுவிட்சைப் போட்டபடியே விட்டுவிட்டு, பழுது பார்க்க உட்காருவார்கள். ஃபேஸ் வழியாக வரும் மின்சாரம் விளக்கைத் தாண்டி நியூட்ரல் கம்பியிலும் வந்து நிற்கும். டெஸ்டரை வைத்தால் பிளக்கின் இரண்டு துளையிலும் எரியும். நியூட்ரல்தானே என்று அந்தக் கறுப்புக் கம்பியைக் கையால் தொட்டால் 240 வோல்ட் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும். தெருவில் அறுந்து தொங்கும் நியூட்ரலுக்கும் இதே கதிதான். வீடுகள் இருக்கும் பக்கத்துத் துண்டில் உயிர் இருக்கும். எது ஃபேஸ், எது நியூட்ரல் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் விலகி நிற்பதுதான் முறை.

இதைவிட மோசம், நியூட்ரல் போனதும் எர்த்திலிருந்து 'எடுத்துக்கொள்வது'. கம்பிக்குப் பதில் மண்ணைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் பக்கத்து உப்பு மண் ஈரமும் உப்பும் சேர்ந்து நன்றாகவே கடத்தும், அதனால் விளக்கு எரிந்துவிடும். எரிகிறதே என்று அப்படியே மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். ஆனால் அதே உப்பு எர்த் பைப்பை அரித்துத் தின்கிறது. பைப் அறுந்த அன்றைக்கு, அந்த எர்த்தில் இணைந்திருக்கும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றின் இரும்பு உடம்பிலும் மின்சாரம் ஏறி நிற்கும். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் இந்த வித்தையே பலிக்காது. காய்ந்த செம்மணலில் மின்சாரம் இறங்குவது கடினம். தேரிக்காரர்கள் இந்த ஒரு ஆபத்திலிருந்து தப்பினார்கள் என்று சொல்லலாம், ஆனால் அவர்களுக்கு நல்ல எர்த் கிடைப்பதும் அதே காரணத்தால் சிரமம்.

எர்த் தனியாகவும் நியூட்ரல் தனியாகவும் இருக்கும் வீட்டில், நியூட்ரல் விட்டாலும் சாதனத்தின் உலோக உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. இங்கிலாந்தில் பல வீடுகளுக்கு நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாகத்தான் வருகின்றன. அது விட்டால் வீட்டின் எல்லா உலோகமும் உயிர்பெறும். வாசலில் நிறுத்திய மின்சாரக் காரைச் சார்ஜ் போடும்போது, ஈரத் தரையில் நின்று காரைத் தொடுபவருக்கு என்ன ஆகும் என்ற கவலையில், அங்கே கார் சார்ஜருக்கென்று இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கும் தனிப் பாதுகாப்பையே விதிகளில் கொண்டுவந்தார்கள்.

நம் சட்டமும் இந்தக் கம்பியை மறந்துவிடவில்லை. டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலை ஒன்றுக்கு இரண்டாகத் தனித்தனி எர்த்துகளோடு இணைக்க வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலிருந்தே இருக்கிறது. நியூட்ரலில் மட்டும் தனியாக பீஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது என்பதும் அதே விதிகளிலிருந்தே வருகிறது. மூன்று ஃபேஸ் மெயின் சுவிட்சைத் திறந்தால் மூன்று பீஸ் கட்டைகளும், பீஸ் இல்லாத ஒரு பித்தளைத் துண்டும் (நியூட்ரல் லிங்க்) இருப்பதற்கு இதுதான் காரணம். அந்தப் பித்தளைத் துண்டு தொலைந்துபோனால் பீஸ் கம்பியைச் சுற்றி வைக்கும் எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள். மூன்று வீடுகளின் கணக்கை உங்கள் ஒரே வீட்டின் மூன்று அறைகளுக்குள் கொண்டுவந்து வைக்கும் வேலை அது. ஜெனரேட்டர் மாற்றும் சுவிட்சிலும் இதே ஆபத்து உண்டு. ஜூலை 26இலிருந்து ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழாவுக்கு ஊரெல்லாம் சீரியல் பல்பு கட்டும்போதும், கொடைவிழாப் பந்தலிலும், அவசரத்தில் முறுக்கிச் சுற்றிய நியூட்ரல்தான் முதலில் காலை வாரும்.

பழுது வருவதற்கு முன் வீடு சொல்லிவிடும், கவனித்தால். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் ஓர் அறையில் ஏ.சி.யைப் போட்டதும் அடுத்த அறை விளக்கு பிரகாசமாகிறதா? மோட்டார் போட்டால் விளக்கு மங்குவது சாதாரணம், பிரகாசமாவது சாதாரணமில்லை. எங்கோ நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. மீட்டர் போர்டில் கருகல் வாடை, நியூட்ரல் லிங்கில் நிறம் மாறிய உறை, காரணமில்லாமல் அடிக்கடி போகும் எல்.இ.டி. பல்புகள் எல்லாம் அதே செய்திதான். எலக்ட்ரீஷியன் வந்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் இருந்தால் பரவாயில்லை. பத்துகளில் காட்டினால் அன்றைக்கே அவிழ்த்து, சுத்தம் செய்து, செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் அதற்கென்று உள்ள இரட்டை உலோக லக் போட்டு முறுக்க வேண்டும்.

வாங்கி வைக்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று உண்டென்றால் அது, மெயினுக்கு அடுத்து மாட்டும் வோல்டேஜ் ப்ரொடெக்டர். வோல்டேஜ் ஓர் எல்லைக்கு மேலே போனாலோ கீழே இறங்கினாலோ வீட்டையே துண்டித்து, சரியான பிறகு தானாகச் சேர்க்கும். 240 வோல்டில் கூடவோ குறையவோ 6 சதவீதம், அதாவது ஏறத்தாழ 226 முதல் 254 வரை, என்பது 1956 விதிகள் வைத்த வரம்பு; ப்ரொடெக்டர்கள் அதைவிடத் தாராளமாக விட்டுக்கொடுத்து, 270ஐ ஒட்டித் துண்டிக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய டி.வி.க்கு முன்னால் அதன் விலை ஒன்றுமில்லை. ஃபிரிட்ஜுக்கு மட்டும் ஸ்டெபிலைசர் வைத்திருப்பவர்கள், ஃபிரிட்ஜை மட்டுமே காப்பாற்றுகிறார்கள்.

தெருவில் நடந்த பழுதுக்கு நீங்கள் பொறுப்பில்லை. எரிந்த சாதனங்களைப் படம் எடுத்து, நேரம் குறித்து, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42ஆவது பிரிவின்கீழ் அமைந்த நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வாயால் சொன்ன புகாருக்கு அங்கே மதிப்பில்லை.

ஆனால் அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். விளக்கு திடீரென்று பிரகாசமானால், ஃபேன் வேகம் கூடினால், ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டிருக்காதீர்கள்; லோடு குறையக் குறைய மிச்சமிருப்பவற்றுக்கு வோல்டேஜ் ஏறும். நேரே போய் மெயினை அணையுங்கள். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி அவர்களையும் மெயினை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணை அழைத்து, 'கரண்டு இல்லை' என்று சொல்லாமல் 'நியூட்ரல் விட்டிருக்கிறது' என்று சொல்லுங்கள்.